மீனில்லாக் கடல்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

விளையாட்டு என்றவுடன் நம் பள்ளியில் எல்லோருக்கும் எறிபந்தும் கோ-கோவும்தான் நினைவுக்கு வரும். நான் எழுத வந்திருப்பது ஓடாமல், வியர்க்காமல், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி. அதற்குப் பந்து வேண்டாம்; பலகையும் வேண்டாம். இரண்டு பகடைகள், ஒரு பென்சில், ஒரு நோட்டு, நான்கைந்து தோழியர் இருந்தால் போதும். ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்" என்றோ, "நான் திறக்கமாட்டேன், முதலில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்றோ தங்கள் செயலைச் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். யார் ஜெயித்தது என்று கடைசியில் கேட்டால் பதில் கிடையாது. கதை எதுவரை போகிறதோ அதுவரை ஆட்டம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் அண்ணன் சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது இதை எங்களுக்குச் சொல்லித் தந்தார். இது 1974-இல் அமெரிக்காவில் பிறந்ததாம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். அதில் மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் வருவார்கள். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கென்று 1977-இல் மார்க் மில்லர் என்பவர் ‘டிராவலர்’ என்ற ஆட்டத்தை, கறுப்பு அட்டை போட்ட மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பாத்திரத்தின் கடந்தகால வாழ்க்கையைப் பகடை போட்டு உருவாக்கும்போதே, பகடை சரியாக விழாவிட்டால், ஆட்டம் தொடங்கும் முன்பே அந்தப் பாத்திரம் இறந்துபோகலாம்! அண்ணன் இதைச் சொன்னபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த ஆட்டத்தின் இரண்டு விஷயங்கள் என் மனத்தில் ஒட்டிக்கொண்டன. ஒன்று, ஓர் உலகத்தைப் பகடை போட்டே படைக்கலாம் என்பது. எவ்வளவு பெரியது, காற்று உண்டா, நீர் எவ்வளவு, மக்கள் எத்தனை பேர், யார் ஆள்கிறார்கள், சட்டம் எவ்வளவு கடுமை என்று வரிசையாகப் பகடை உருட்டி எழுத வேண்டும். மற்றொன்று, செய்தி பற்றிய விதி. ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் தாவிச் செல்ல ஒரு வாரம் ஆகும். கப்பலைவிட வேகமாகச் செய்தி போக வழியே இல்லை. பாய்மரக் கப்பல் காலத்தைப் போல, எதைக் கேட்டாலும் அது பழைய செய்தியாகவே இருக்கும். இந்த இரண்டாவது விஷயம் ஏன் என்னை விடவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் ஊருக்குப் போனபின் நானே ஓர் உலகம் படைக்கத் துணிந்தேன். துணிந்தது தவறு என்று சொல்லமாட்டேன். செய்த விதம்தான் தவறு. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி ‘ஆயிரம் கோள்களின் பேரரசு’ என்று முகப்பில் எழுதினேன். ஆயிரம் எங்கே வந்தது, நாற்பத்தொன்றோடு கை ஓய்ந்துவிட்டது. ஒவ்வொரு கோளுக்கும் ஒரு கொடி, ஒரு மன்னன், மூன்று போர்கள். நான்கு வண்ணங்களில் வரைபடம். ஆட்டம் தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, என் தோழி ஒருத்தி கேட்டாள்: "இந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

நான் விழித்தேன். பிறகு, "பேரரசர் தருவார்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் யாருக்கு எது தேவைப்பட்டாலும், ரப்பர் தொலைந்தால்கூட, "பேரரசர் தருவார்" என்பதே பேச்சு. பேரரசு இரண்டு வாரத்தில் கவிழ்ந்தது.

இனி நாற்பத்தொன்று வேண்டாம், ஒன்றே போதும், அதுவும் நிஜமாக இருக்கும் இடமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அண்ணன் காட்டியிருந்த ஒரு புகைப்படம் நினைவுக்கு வந்தது. சனிக்கோளின் மிகப் பெரிய நிலவான டைட்டனில் ஹைகன்ஸ் என்ற கலம் 2005 ஜனவரி 14-ஆம் நாள் பாராசூட்டில் இறங்கி எடுத்த படம் அது. ஆரஞ்சு நிறத் தரை. அதன்மேல் சிதறிக் கிடக்கும் கற்கள். கற்கள் முனை மழுங்கி, ஆற்றுப்படுகைக் கற்களைப் போல உருண்டையாக இருந்தன. உருண்டை என்றால் எதுவோ அவற்றை உருட்டியிருக்க வேண்டும் அல்லவா? அவை கல்லும் அல்ல, பனிக்கட்டி. அங்கே குளிர் மைனஸ் 179 டிகிரி. தண்ணீர் பாறையாகக் கிடக்கிறது. மீத்தேன் மழையாகப் பெய்து, ஆறாக ஓடி, கடலில் சேர்கிறது. பூமியைத் தவிர, மேற்பரப்பில் கடலும் ஏரியும் இருப்பதாக நாம் அறிந்த ஒரே இடம் அதுதான். வடதுருவத்தை ஒட்டிய கிராகன் கடல் காஸ்பியன் கடலைவிடப் பெரியது.

கடல் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வேறு இடம் தேடத் தோன்றவில்லை. நான் கடற்கரைக்காரி. என் அப்பா குமரி மேற்குக் கடற்கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் தொழில் செய்பவர். ஒருமுறை போனால் முப்பது நாற்பது நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். ஆகவே கிராகன் கடலின் கரையில் ஒரு குடியிருப்பை வைத்தேன். பெயர் புதுத்துறை. மக்கள்தொகை 312.

ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருந்தார். வலைக்கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டே என் நோட்டைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"மீன் இல்லாத கடலுக்கு எவன் போவான் மக்களே?"

"மீத்தேன் எடுக்கப் போவாங்க அப்பா. ராக்கெட்டுக்கு எரிபொருள்."

"அது கரையிலேயே கிடக்கே. குடத்தில கோரிட்டு வரலாமே."

இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. அப்பா நிறுத்தவில்லை. காற்று எந்தப் பக்கம்? அடி என்ன, மணலா பாறையா, நங்கூரம் பிடிக்குமா? எத்தனை பாகம் ஆழம்? இருட்டில் கரையை எதை வைத்து அடையாளம் பார்ப்பார்கள்? வரும் வழியில் எஞ்சின் நின்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? பள்ளிக்கூடத்தில் அப்பா ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் நான் நான்கு வண்ணங்களில் வரைந்ததெல்லாம் அந்த ஐந்து கேள்விகளுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆழத்துக்கு மட்டும் ஓரளவு பதில் கிடைத்தது: பக்கத்திலுள்ள லிஜியா கடலைக் காசினி என்ற கலம் மேலிருந்தபடியே ராடாரால் அளந்து, 160 மீட்டர் வரை ஆழம் கண்டிருக்கிறது. மற்றவற்றுக்கு நானே விடை யோசித்து எழுதினேன். கடலின் இரு கரைகளிலும் ஊர்கள். நடுவே பளு ஏற்றிச் செல்லும் படகுகள். கடலில் ஆங்காங்கே அளவுக்கருவி மிதவைகள், அவற்றைப் பழுதுபார்க்கப் போகும் ஆட்கள். உண்மையைச் சொன்னால், அங்கே காற்று அடர்த்தி, ஈர்ப்போ பூமியில் ஏழில் ஒரு பங்கு. ஆகையால் பறப்பதே எளிது. மனிதன் கையில் இறக்கை கட்டிக்கொண்டே பறந்துவிடலாம் என்கிறார்கள். பிறகு எதற்குப் படகு? எனக்குப் படகு வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான்.

ஆகஸ்டு மாதம் ஒரு நாள், மதிய உணவு இடைவேளையில் நாங்கள் வராந்தாவின் கோடியில் ஆடிக்கொண்டிருந்தபோது எங்கள் இயற்பியல் சிஸ்டர் வந்து நின்றார்கள்.

"பகடையா? பள்ளிக்கூடத்தில் சூதாட்டமா?"

"சூது இல்லை சிஸ்டர், நிகழ்தகவு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். கணக்குப் பாடத்தில் அப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பகடை உருட்டினால் 36 விளைவுகள். எட்டோ அதற்கு மேலோ விழ 36-இல் 15 வாய்ப்பு. அதுவே எங்கள் ஆட்டத்தில் செயல் பலிக்கும் அளவு. சிஸ்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பகடைகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் நோட்டு திரும்பி வந்தது. ஓரங்களில் பென்சிலால் சிஸ்டரின் கையெழுத்து!

‘அங்குள்ள திரவத்தின் அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறையப் பாதி. ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி உன் படகு எவ்வளவு ஆழ்ந்து மிதக்கும்? கணக்கிடு’ என்று ஓரிடத்தில். கணக்கிட்டேன். படகு தன் எடைக்குச் சமமான திரவத்தை விலக்க வேண்டும். திரவம் பாதி கனம் என்றால் இரண்டு மடங்கு விலக்க வேண்டும். ஈர்ப்பு குறைவு என்பது இதில் உதவாது; படகும் திரவமும் சேர்ந்தேதான் இலேசாகின்றன. என் படகுகள் எல்லாம் விளிம்புவரை அமிழ்ந்து நின்றன. பக்கச் சுவர்களை உயர்த்தினேன். அந்தக் கடலில் மனித உடம்பும் தானாக மிதக்காது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

‘கடல் தீப்பற்றியது’ என்று நான் எழுதியிருந்த பெரிய காட்சிக்குக் குறுக்கே ஒரு கோடு. ‘ஆக்சிஜன் எங்கே?’ என்று ஒரே கேள்வி. டைட்டனின் காற்று பெரும்பாலும் நைட்ரஜன். அங்கே மீத்தேன் மழையில் நனையலாம், எரியாது. ஆபத்து நாம் கொண்டுபோகும் ஆக்சிஜன்தான். படகுக்குள் மூச்சுக்காற்றுக் குழாய் கசிந்தால் அதுவே தீக்குக் காரணம். பனிக்கட்டித் தரையை வெட்டி உருக்கி மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுக்கிறார்கள் என்று எழுதி, தண்ணீர்க் கேள்விக்கும் அதோடு பதில் சொல்லிவிட்டேன். பேரரசருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மூன்றாவது குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஞாயிறு காலை ஆலய மணி அடித்தது’ என்று எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில், ‘இங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் ஏறக்குறைய 16 நாள். ஞாயிறு எப்படி வரும்?’ என்று சிஸ்டர் கேட்டிருந்தார்கள். போதாததற்குச் சனிக்கோளின் ஓர் ஆண்டு நம் 29 ஆண்டுக்கும் மேல். ஒரு பருவகாலம் ஏழு ஆண்டு. 2025 மே மாதத்தோடு அங்கே வடபகுதியில் இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. குளிர்காலம் வந்தால் வடதுருவப் பக்கம் பல ஆண்டுகள் சூரியனே எழாது. ஆகவே புதுத்துறையில் ஒரு மணியடிப்பவரை வைத்தேன். 24 மணிக்கு ஒருமுறை அடிப்பது அவர் வேலை. ஏழாவது நாள் மட்டும் இரட்டை மணி. யாருக்கும் அது பகலாகத் தெரியாது. ஆனால் மணி அடித்ததும் பிள்ளைகள் பல் துலக்குவார்கள்.

சூரியன் எழாத இடத்தில் பூமியும் எழாது. வானத்தில் இரண்டும் அருகருகேதான் இருக்கும். ஆகவே குளிர்கால இருளில் பூமியிலிருந்து வானொலிச் சைகை நேரே வர முடியாது. 2028-இல் ஏவத் திட்டமிட்டிருக்கும் டிராகன்ஃபிளை என்ற கலத்தைக்கூட, கடல்களிருக்கும் வடக்கே விடாமல் நடுக்கோட்டுப் பக்கம் இறக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு துணைக்கோள் இருந்தால் அதன் வழியே செய்தி வரும். அதற்கும் பூமியிலிருந்து ஒளி வந்துசேரவே ஏறத்தாழ 80 நிமிடம். ஊருக்கே இப்படி என்றால் நடுக்கடலில் இருக்கும் படகுக்கு? கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு போனபின் படகோடு பேச முடியாது என்று விதி எழுதினேன். புயலைக் கொஞ்சம் கூட்டியே வைத்தேன். காசினி பார்த்தபோது அந்தக் கடல்கள் பெரும்பாலும் கண்ணாடிபோல் கிடந்தன. ஆனால் மேகமும் மழையும் அங்கே மெய்யாகவே உண்டு.

செய்தி விதியை எங்கிருந்து எடுத்தாய் என்று தோழியர் கேட்டபோது ‘டிராவலர்’ ஆட்டத்திலிருந்து என்றேன். அது பாதி உண்மை.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கி புயல் வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. விடியற்காலையில் ஓடு பறந்தது, முற்றத்துத் தென்னை விழுந்தது, மின்சாரம் போயிற்று. அப்பாவின் படகு கடலுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. கரையில் இருந்த எங்களுக்கே காற்று வந்தபின்தான் புயல் தெரிந்தது. தொலைவில் இருந்தவர்களுக்கு யார் சொல்வது? அம்மா ஆலய வளாகத்தில் மற்ற பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தேனாம். ஆறாம் நாள், ஆலயத்து ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணனின் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மகாராஷ்டிராவில் தேவ்கட் என்ற துறையில் படகு ஒதுங்கியிருந்தது. அம்மா போனை வாங்கினாள், பேசவில்லை, என் காதில் வைத்துவிட்டாள். "சாப்பிட்டியா மக்களே?" என்று அப்பா கேட்டார்.

எங்களோடு ஆடுபவர்களில் விடுதித் தோழி ஒருத்தி உண்டு. இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவள் அப்பாவுக்கு அப்படி ஓர் அழைப்பு வரவில்லை.

புயல் அட்டவணையை நான் எழுதியபோது இதை நினைக்கவில்லை என்பதுதான் என் வெட்கம். பன்னிரண்டு விழுந்தால் படகு நலமாகத் திரும்பும். ஆறு விழுந்தால் எஞ்சின் பழுது. இப்படியே இறங்கி, இரண்டு விழுந்தால் ‘படகைக் காணவில்லை’. 36-இல் ஒரே ஒரு வாய்ப்பு. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த இரண்டு விழுந்தது. எங்கள் யாருடைய பாத்திரமும் அந்தப் படகில் இல்லை. பதினொரு பேர் போன வேறு படகு. நானும் அட்டவணையில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டேன். வாசித்த பிறகுதான் எனக்கு நாக்கு உலர்ந்தது.

அவள் என்னைப் பார்த்து, "பிறகு?" என்றாள்.

"பிறகு ஒன்றும் இல்லை. அட்டவணை அதோடு முடிகிறது."

"முடியாதே" என்றாள். அழவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. கணக்கில் பிழையைக் காட்டுவதுபோலச் சொன்னாள். நோட்டை வாங்கிப் புரட்டினாள். "படகுக்குப் பதினேழு பக்கம் எழுதியிருக்கிறாய். கரையில் நிற்கிறவர்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லை."

அந்த வரியை அழித்துவிடுகிறேன் என்று ரப்பரை எடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழித்தால் இது கடலே இல்லை" என்றாள்.

அன்று ஆட்டம் நடக்கவில்லை. விடுதிச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நாங்கள் இருவரும் உட்கார்ந்து கரைக்கான பக்கங்களை எழுதினோம். நான் எழுதினேன் என்பதைவிட அவள் சொல்லச் சொல்ல எழுதினேன் என்பதே சரி. போனவர்களின் பெயர்ப் பட்டியல் யார் கையில் இருக்கிறது? முதலில் அதைக் கேட்டாள். அந்தப் பதினொரு பேருக்கும் நான் பெயரே வைத்திருக்கவில்லை; வைக்கச் சொன்னாள். தேடிப் போகும் படகில் யார் ஏறுவது? 2017-இல் ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளையே எடுத்துக்கொண்டு தேடிப் போனார்கள். அதை அவள் மறக்கவில்லை. யார் சமைப்பது? சின்னப் பிள்ளைகளிடம் யார் சொல்வது, என்னவென்று சொல்வது? பொய்ச் செய்தி வந்தால் என்ன செய்வது? இவை ஒவ்வொன்றும் இப்போது எங்கள் ஆட்டத்தில் ஒரு செயல். கரையில் இருப்பவர்களும் நாளுக்கு ஒருமுறை பகடை உருட்டுகிறார்கள். அதனால் கடலில் நடந்தது மாறாது. ஆனால் அடுத்த நாள் ஊர் எப்படி இருக்கும் என்பது மாறும்.

கடைசியாக ஒரு விதியை அவளே தன் கையால் எழுதினாள். ‘காணவில்லை’ என்பதை ‘இறந்தார்’ என்று மாற்றும் உரிமை கதை சொல்பவளுக்குக் கிடையாது. பகடைக்கும் கிடையாது. கரையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து சம்மதித்தால்தான் மாற்றலாம். அதுவரை தினமும் மணி அடித்தபின் பதினொரு பெயர்களையும் வாசிக்க வேண்டும்.

அண்ணனுக்கு இந்த விதியைப் போனில் சொன்னேன். இப்படி ஒரு விதியை எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை என்றார். சிறிது நேரம் வேறொன்றும் பேசவில்லை.

இதை எழுதும்போது புதுத்துறையில் இருபத்து மூன்றாம் நாள். அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் சனிக்கிழமை மட்டும், அதுவும் ஒரு மணி நேரம் ஆடச் சிஸ்டர் அனுமதித்திருக்கிறார்கள். பகடைகள் அவர்கள் மேசை அறையில்தான் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும். தேடும் படகை என் விடுதித் தோழி ஓட்டுகிறாள். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிவிட்டாள்.

சென்ற வாரம் அப்பா கரைக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே, "உன் மீனில்லாக் கடலில் போன படகு வந்துதா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை அப்பா."

"அன்னைக்கு என்ன காற்று?"

"வாடை."

அப்பா சோற்றில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தார். "எஞ்சின் நின்னிருந்தா தெற்கேதான் ஒதுக்கியிருக்கும். போன இடத்திலே தேட வேண்டாம், தெற்கே கரையை ஒட்டிப் பார்க்கச் சொல்லு" என்றார்.

அவளிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை தெற்கே போகிறாள்.